சூடோமோனாஸ் பாக்டீரியா: வயலில் பயன்படுத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கீழே உள்ள அளவுகள் டால்க் பவுடரில் கலந்து விற்கப்படும் சூடோமோனாஸ் புளூரசன்ஸுக்கானவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைகளில் ஹெக்டேருக்குச் சொல்லப்படுவதை ஏக்கர் கணக்குக்கு மாற்றியிருக்கிறோம். திரவ வடிவில் வாங்கினால் அளவு மாறும், பாட்டிலில் அச்சிட்டிருப்பதைப் பின்பற்றுங்கள்.

சூடோமோனாஸ் மருந்தா, உரமா?

இரண்டும் இல்லை. வேரைச் சுற்றியுள்ள மண்ணில் இயல்பாகவே வாழும் ஒரு பாக்டீரியா அது. நோய்க் கிருமிகளை அண்டவிடாத குணமுள்ள வகைகளைத் தேர்ந்தெடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, பவுடரில் ஏற்றிக் கொடுக்கிறார்கள். கோவையில் பல்கலைக்கழகம் பரப்பிய வகைக்கு பி.எஃப்.1 என்று பெயர்.

பாக்கெட்டில் இருப்பதில் பெரும்பகுதி வெறும் டால்க் பவுடர்தான். பல்கலைக்கழக முறைப்படி, ஒரு கிலோ டால்க் பவுடரைச் சூடேற்றிக் கிருமிநீக்கம் செய்து, அதில் 15 கிராம் கால்சியம் கார்பனேட்டும் (அமிலத்தன்மையைச் சமன்செய்ய) 10 கிராம் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸும் (ஒட்டிக்கொள்ள) சேர்த்து, 400 மி.லி. பாக்டீரியாக் கரைசலை ஊற்றிப் பிசைந்து நிழலில் உலர்த்துவார்கள். வெள்ளைத் தூள் வெறும் வண்டி. அதில் ஏறி வரும் உயிருக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். அந்த உயிர் வழியில் செத்துவிட்டாலும் தூள் அதே வெள்ளையாகத்தான் இருக்கும். இந்தப் பக்கத்தில் வரும் பாதிக் கேள்விகள் இதிலிருந்து கிளம்புபவைதான்.

பூஞ்சாணத்தை இது எப்படித் தடுக்கிறது?

முதலில், இடம் பிடிக்கிறது. செடியின் வேர் சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் கசியவிடும். அந்தச் சாப்பாட்டுக்காக வேரோரம் ஒரே கூட்டம். விதையோடேயே சூடோமோனாஸைச் சேர்த்து அனுப்பினால் வேர் நீளும்போதே அது படர்ந்து உட்கார்ந்துவிடும், பின்னால் வரும் கிருமிக்கு இடம் குறைவு.

இரண்டாவது, இரும்புச் சத்துக்கான போட்டி. மண்ணில் இரும்பைக் கவ்வி இழுத்துக்கொள்ளும் சிடரோஃபோர் என்ற பொருளை இது சுரக்கிறது. புற ஊதா ஒளியில் மஞ்சள்-பச்சையாக ஒளிர்வதும் அதுதான், 'புளூரசன்ஸ்' என்ற பெயர் வந்ததும் அதனால்தான். இரும்பு கிடைக்காத பூஞ்சாணத்தால் முளைக்க முடியாது. சுண்ணாம்பு மிகுந்த களர் சார்ந்த மண்ணில் இந்த வழி நன்றாக வேலை செய்யும். தண்ணீர் தேங்கிய நெல் வயலில் இரும்பு கரைந்த நிலையில் தாராளமாகவே இருக்கும். அங்கே இந்தப் போட்டிக்குப் பெரிய வேலையில்லை, மற்ற வழிகள்தான் கைகொடுக்கும்.

மூன்றாவது, ஃபினசின் போன்ற எதிர்ப்பொருள்களைச் சுரந்து பக்கத்திலுள்ள பூஞ்சாணத்தை நேரடியாக அடக்குகிறது.

நான்காவதுதான் முக்கியம்: செடியை உஷார்ப்படுத்துகிறது. வேரில் இந்த பாக்டீரியா உட்கார்ந்ததும் செடியின் தற்காப்பு நொதிகள் தயார்நிலைக்கு வருகின்றன. வேரில் போட்டது இலையில் வரும் குலை நோயைக் குறைப்பது இப்படித்தான். இந்தத் தயார்நிலை வரச் சில நாட்கள் பிடிக்கும். நோய் வந்த அன்று தெளித்துவிட்டு மறுநாள் பலன் தேடுவதில் அர்த்தமில்லை.

எந்த நோய்களுக்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது?

நெல்லில் குலை நோய், இலை உறை கருகல், பாக்டீரியா இலைக் கருகல். பயறு வகைகளிலும் நிலக்கடலையிலும் வேர் அழுகல், வாடல். காய்கறி நாற்றங்காலில் நாற்றழுகல். வாழையில் வாடல், மஞ்சளில் கிழங்கு அழுகல். வேர்முடிச்சு நூற்புழுவையும் ஓரளவு குறைக்கும்.

புகையான், குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப்புழு, அசுவினி, வெள்ளை ஈ வந்திருக்கும்போது இதைத் தெளிப்பது வீண் செலவு. மஞ்சள் தேமல் போன்ற வைரஸ் நோய் வந்த செடியையும் இது மீட்காது. கடையில் "எல்லாத்துக்கும் கேக்கும்" என்று கொடுத்தால் நம்ப வேண்டாம்.

நெல்லுக்கு எந்தக் கட்டத்தில் எவ்வளவு?

நான்கு கட்டங்கள். எல்லாவற்றையும் செய்ய முடியாதென்றால் முதல் இரண்டையாவது விடாதீர்கள். செலவு மிகக் குறைவு, பலன் அதிகம்.

*விதைநேர்த்தி.* கிலோ விதைக்கு 10 கிராம். ஏக்கருக்கு 24 கிலோ விதை என்றால் 240 கிராம் போதும். கிலோவுக்கு ஒரு லிட்டர் கணக்கில் 24 லிட்டர் தண்ணீரில் பவுடரைக் கரைத்து விதையைக் கொட்டி இரவு முழுக்க ஊறவிடுங்கள். பதர் மிதந்தால் அரித்தெடுங்கள். காலையில் தண்ணீரை வடித்து, ஈரச் சாக்கில் கட்டி 24 மணி நேரம் மூட்டம் போட்டு, முளை கட்டியதும் விதைக்கலாம். வடித்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், அதிலும் பாக்டீரியா இருக்கிறது. நாற்றங்காலில் ஊற்றுங்கள். மூட்டத்தைத் தொட்டுப் பார்த்து கை சுடுகிற அளவுக்குச் சூடேறியிருந்தால் பிரித்துத் தண்ணீர் தெளித்து ஆற்றுங்கள். அந்தச் சூடு முளைக்கும் ஆகாது, பாக்டீரியாவுக்கும் ஆகாது.

*நாற்றின் வேரை நனைத்தல்.* ஏக்கர் நாற்றுக்கு ஒரு கிலோ. நாற்றங்கால் ஓரத்தில் 10 சதுர மீட்டர் அளவுக்கு (சுமார் மூன்றடி அகலம், முப்பத்தைந்து அடி நீளம்) வரப்புக் கட்டி, இரண்டரை செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். கிட்டத்தட்ட 250 லிட்டர் பிடிக்கும். அதில் பவுடரைத் தூவிக் கலக்கிவிட்டு, பறித்த நாற்று முடிகளை வேர் மூழ்க நிறுத்தி வையுங்கள். குறைந்தது 30 நிமிடம். நடவு ஆட்கள் அவசரப்படுத்துவார்கள், பத்து நிமிடத்தில் முடியைத் தூக்கிப் போய்விடுவார்கள். முதல் நடைக்கான முடிகளை அவர்கள் வருவதற்கு முன்பே ஊறப் போட்டுவிட்டால் அந்தச் சிக்கல் வராது. நாற்றுப் பறித்ததும் வேரில் சிறு காயங்கள் இருக்கும். கிருமி நுழையும் வாசலும் அதுதான், பாக்டீரியா முந்திக்கொண்டு உட்கார வேண்டிய இடமும் அதுதான்.

*வயலில் இடுதல்.* நட்ட 30-ஆம் நாள் ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்திலோ மணலிலோ கலந்து, வயலில் மெல்லிய தண்ணீர் இருக்கும்போது சீராக வீசுங்கள். தண்ணீர் ஒரு வாய்க்காலில் வந்து மறு வாய்க்காலில் வெளியேறிக்கொண்டிருந்தால் போட்டதெல்லாம் பக்கத்து வயலுக்குப் போய்விடும். இரண்டு நாளாவது மடையைக் கட்டி வையுங்கள்.

*இலையில் தெளித்தல்.* நட்ட 45-ஆம் நாளிலிருந்து 10 நாளுக்கு ஒரு முறை, மூன்று முறை. லிட்டருக்கு 2 கிராம் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் அளவு. நோய் அழுத்தம் உள்ள இடங்களில் 5 கிராம் வரையும் பரிந்துரைக்கிறார்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிநீர் என்றால் 400 கிராம் முதல் ஒரு கிலோ வரை ஆகும்.

டால்க் தண்ணீரில் கரையாது. அப்படியே தொட்டியில் கொட்டினால் நாசில் அடைத்துக்கொள்ளும். ஒரு வாளியில் குழைத்துக் கலக்கி, அரை மணி நேரம் விட்டு, மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டித் தெளிப்பானில் ஊற்றுங்கள். துணியில் தங்கும் கசடை வரப்போரப் பயிரின் தூரில் போடலாம். மாலை நான்கு மணிக்கு மேல் தெளியுங்கள், வெயிலின் புற ஊதாக் கதிர் இலைமேல் உள்ள பாக்டீரியாவைக் கொல்லும். மழை மேகம் திரண்டிருந்தால் தள்ளிப் போடுங்கள்.

பயறு, நிலக்கடலை விதைக்கு எப்படி?

அதே கிலோவுக்கு 10 கிராம். ஆனால் ஊறவைக்கக் கூடாது, பருப்பு வகை விதைத் தோல் உரிந்துவிடும். ஆறிய அரிசிக் கஞ்சியை லேசாகத் தெளித்து, விதை பளபளவென்று ஈரப்பட்டதும் பவுடரைத் தூவிக் கையால் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றே விதையுங்கள். கஞ்சி "கொஞ்சம் வெதுவெதுப்பாக" இருந்தால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. பரவாயில்லை அல்ல. விரலைவிட்டுப் பார்த்து சூடே தெரியாத அளவுக்கு ஆற வேண்டும். நிலக்கடலையை மெதுவாகப் புரட்டுங்கள், செந்தோல் கழன்ற பருப்பு முளைக்காது.

ரைசோபியமும் போடுவதாக இருந்தால் வரிசை முக்கியம்: முதலில் சூடோமோனாஸ், பிறகு ரைசோபியம். இரண்டுக்கும் பகையில்லை.

காய்கறிக்கும் வாழைக்கும்?

தக்காளி, கத்தரி, மிளகாய் விதைக்கும் கிலோவுக்கு 10 கிராம்தான், விதைப்பதற்கு 24 மணி நேரம் முன்பு. நடவு வயலில் ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ தொழுவுரத்தில் கலந்து இடலாம். மஞ்சளுக்கும் இதேபோல் மண்ணில் இடுவதுதான் வழி. ஆனால் மஞ்சள் பாத்தியில் தண்ணீர் தேங்கினால் எந்த பாக்டீரியாவாலும் கிழங்கு அழுகலை நிறுத்த முடியாது. முதலில் வடிகாலைப் பாருங்கள்.

வாழை வாடல் நோய்க்கு ஒரு தனி முறை உண்டு. ரஸ்தாளி, மொந்தன் வைத்திருப்பவர்களுக்கு இது தேவைப்படும். காலி ஜெலட்டின் கேப்ஸ்யூலில் 50 முதல் 60 மில்லிகிராம் பவுடரை அடைத்துக்கொள்ளுங்கள். தூரில் கிழங்கு தெரியுமளவு மண்ணை விலக்கி, இரும்புக் கம்பியால் 45 பாகைச் சாய்வில் 10 செ.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு, கேப்ஸ்யூலை உள்ளே தள்ளிக் களிமண்ணால் மூடுங்கள். நட்ட 2, 4, 6-ஆம் மாதங்களில் செய்ய வேண்டும். ஏற்கெனவே வாடிய மரத்தில் குத்திய கம்பியை அப்படியே நல்ல மரத்தில் குத்தினால் நீங்களே நோயைப் பரப்புகிறீர்கள். நோய் தெரியும் மரத்தை விட்டுவிட்டு, நல்ல மரங்களுக்கு மட்டும் செய்யுங்கள்.

ரசாயன மருந்தோடும் உரத்தோடும் கலக்கலாமா?

ஒரே தொட்டியில் கலக்க வேண்டாம். ஆனால் எல்லா மருந்தும் ஒரே மாதிரிப் பகை அல்ல, தெரிந்துவைத்தால் நல்லது.

செம்பு கலந்தவை மோசமானவை. மயில்துத்தம், போர்டோக் கலவை, காப்பர் ஆக்ஸிகுளோரைடு எல்லாம் பூஞ்சாணத்தையும் பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும். ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சொல்லவே வேண்டாம், பாக்டீரியாவைக் கொல்வதற்கென்றே உள்ளது. இவற்றுக்கும் சூடோமோனாஸுக்கும் இடையே 15 நாள் இடைவெளி விடுங்கள். கார்பன்டாசிம் பூஞ்சாணத்தைத் தாக்குவது, பாக்டீரியாவைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆனாலும் விதையில் இரண்டையும் சேர்த்துப் போடுவதைவிட ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே பரிந்துரை.

யூரியா, பொட்டாஷை பவுடரோடு கலந்து வீசக் கூடாது. உப்புச் செறிவில் செல் சுருங்கிச் செத்துவிடும். முன்னும் பின்னும் ஒரு வாரம் விடுங்கள். வேப்பம் புண்ணாக்கும் தொழுவுரமும் நல்ல துணை.

அதிகம் கவனிக்கப்படாதது தண்ணீர். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தாதீர்கள். திறந்த தொட்டியில் ஒரு ராத்திரி வைத்தால் போதும். அடுத்தது தெளிப்பான்: போன வாரம் காப்பர் அடித்த அதே தெளிப்பானைக் கழுவாமல் எடுத்தால், பாக்கெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

டிரைக்கோடெர்மாவையும் சேர்த்துப் போடலாமா?

மண்ணில் போடலாம். விதையில் ஏதாவது ஒன்று போதும். டிரைக்கோடெர்மா ஒரு பூஞ்சாணம், கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு. ஆகவே அதற்குக் கார்பன்டாசிம் எமன். இரண்டின் பகையும் வேறு வேறு என்பதை நினைவில் வையுங்கள்: செம்பும் ஆன்டிபயாடிக்கும் சூடோமோனாஸுக்கு, கார்பன்டாசிம் டிரைக்கோடெர்மாவுக்கு.

ஒரு பாக்கெட் வாங்கி வெல்லம் போட்டு 200 லிட்டர் பேரலில் பெருக்கிக்கொள்ளலாமே?

அதிகம் வரும் கேள்வி இதுதான். ஆசை நியாயமானது, பதில் கசப்பானது.

சூடோமோனாஸுக்குக் காற்று வேண்டும். ஆய்வகத்தில் பெப்டோனும் கிளிசராலும் கலந்த கரைசலைக் கொதிநீராவியில் கிருமிநீக்கம் செய்து, குலுக்கிக்கொண்டே இருக்கும் இயந்திரத்தில் 48 மணி நேரம் வளர்ப்பார்கள். வேறு எந்தக் கிருமியும் உள்ளே இல்லை, காற்று ஓயாமல் கிடைக்கிறது. உங்கள் பேரலில் நடப்பது வேறு. கிணற்றுத் தண்ணீரிலும் வெல்லத்திலும் ஏற்கெனவே ஈஸ்ட்டும் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களும் இருக்கின்றன. மூடி வைத்ததும் காற்று தீர்ந்துவிடுகிறது. காற்றில்லாமல் வளரத் தெரிந்தவை பெருகுகின்றன, தண்ணீரைப் புளிக்க வைக்கின்றன, புளிப்பிலும் மூச்சுத்திணறலிலும் சூடோமோனாஸ் ஒடுங்குகிறது. மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் கள் வாசனை அடிக்கும். "நல்லா வேலை செய்யுது" என்று மகிழ்வார்கள். அந்த வாசனை ஈஸ்ட்டுடையது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இதே குடும்பத்தில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்று ஒன்று இருக்கிறது. புண்ணிலும் கண்ணிலும் நோய் உண்டாக்கக்கூடியது, மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாக இருப்பது. கட்டுப்பாடில்லாத பேரலில் எது பெருகியிருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது.

டிரைக்கோடெர்மாவை ஈரத் தொழுவுரத்தில் நிழலில் 15 நாள் வைத்துப் பெருக்குவது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. அதைப் பார்த்துத்தான் இந்தப் பேரல் பழக்கம் வந்திருக்க வேண்டும். சூடோமோனாஸுக்குத் தொழுவுரம் ஒரு சுமைதாங்கி மட்டும்: கலந்தோமா, ஈரத்தோடு அன்றே வயலில் போட்டோமா என்று முடித்துவிடுங்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தயாரிப்புத் தேதி முதலில், விலை அப்புறம். சூட்டையும் வறட்சியையும் தாங்கும் தடித்த ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும் உறைவித்தை இந்த பாக்டீரியா உருவாக்காது. நாளாக ஆக எண்ணிக்கை இறங்கிக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு மாதத்துக்குள் தயாரித்ததாக இருந்தால் வாங்குங்கள். காலாவதித் தேதி இன்னும் வரவில்லை என்பது மட்டும் போதாது.

அடுத்து, கிராமுக்கு உயிருள்ள செல் எண்ணிக்கை. சி.எஃப்.யூ. என்று போட்டிருக்கும். 10-இன் மேல் சிறியதாக 8 என்று இருந்தால் கிராமுக்கு 10 கோடி, அதற்குக் குறையக் கூடாது. "0.5% டபிள்யூ.பி.", "1% டபிள்யூ.பி." (டபிள்யூ.பி. என்றால் தண்ணீரில் கலக்கும் தூள்) என்று இருப்பது பாக்கெட்டில் பாக்டீரியாவின் பங்கு. அதைத் தெளிக்கும் அளவு என்று குழப்பிக்கொண்டு லிட்டருக்குப் பத்து கிராம் போட்டவர்களும் உண்டு.

1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் உயிரியல் மருந்துகளுக்கும் பொருந்தும். ஆகவே சி.ஐ.ஆர். என்று தொடங்கும் பதிவு எண், தொகுதி எண், தயாரித்தவர் முகவரி மூன்றும் இருக்க வேண்டும். இல்லாததை வாங்காதீர்கள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையம், வேளாண் அறிவியல் நிலையம், பல்கலைக்கழகப் பயிர் நோயியல் துறை ஆகிய இடங்களில் கேட்டுப் பாருங்கள்.

கடையில் பாக்கெட் எங்கே வைத்திருக்கிறது என்பதையும் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே, மேல் தட்டில், சித்திரை வெயிலில் இரண்டு மாதம் கிடந்தது என்றால் லேபிளில் உள்ள எண்ணிக்கைக்கு மதிப்பில்லை.

வீட்டில் எப்படி வைத்திருப்பது?

மண்பானை வைக்கும் மூலை போல, குளிர்ச்சியான இருட்டான இடம். உரமூட்டை, பூச்சிமருந்து இருக்கும் அறையில் வேண்டாம். பிரித்த பாக்கெட்டை அடுத்த பட்டத்துக்கு வைத்திருக்காதீர்கள். பைக் பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போவதும் சேமிப்பில் சேர்ந்ததுதான்.

பேசில்லஸ் சப்டிலிஸ் இதைவிட மேலா?

பேசில்லஸுக்கு ஒரு பெரிய வசதி: உறைவித்து உருவாக்கும். வறட்சி, சூடு, நாட்பட்ட சேமிப்பு எல்லாவற்றையும் அந்த ஓட்டுக்குள் தாங்கிக்கொள்ளும். கோடையில் நீண்ட தூரம் கொண்டுபோக வேண்டிய மானாவாரிப் பகுதிகளில் இது நம்பகமானது. சூடோமோனாஸ் வேரில் வேகமாகப் படரும், ஈரமான மண்ணில் சுறுசுறுப்பு. நஞ்சைக்குச் சூடோமோனாஸ், புஞ்சைக்குப் பேசில்லஸ் என்பது எங்கள் கணிப்பு. சட்டம் அல்ல.

சொன்னபடி போட்டும் குலை நோய் வந்துவிட்டதே?

பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று.

யூரியா. கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும் பயிரைக் குலை நோய் தேடி வரும். இரவில் 20 டிகிரியை ஒட்டிய குளிர், காலையில் நெடுநேரம் நிற்கும் பனி, அதோடு தழைச்சத்து மிகுதி என்று மூன்றும் சேர்ந்தால் பாக்டீரியாவால் சமாளிக்க முடியாது. சம்பாப் பட்டத்தில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், தழைச்சத்தைப் பிரித்துப் போடுவது தெளிப்பு அளவுக்கு முக்கியம்.

தாமதம். இலையில் நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் கொண்ட கண் வடிவப் புள்ளி தெரிந்த பிறகு முதல் முறையாகத் தெளித்தால் அது வைத்தியம் ஆகாது. அந்த நிலையில் வேளாண் அலுவலர் சொல்லும் பூஞ்சாணக்கொல்லிதான் வழி. கதிர் கழுத்தில் நோய் இறங்கும் வரை கொள்கைக்காகக் காத்திருந்து மகசூலை இழக்க வேண்டாம்.

செத்த பாக்கெட். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: ஒவ்வொரு பட்டத்திலும் ஒரு சின்னப் பாத்தியை எதுவும் போடாமல் விட்டுவையுங்கள். போட்ட பக்கமும் போடாத பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் அடுத்த முறை வேறு இடத்தில் வாங்குங்கள். ஒப்பிட எதுவும் இல்லாமல் "பலன் இருந்தது" என்றும் "இல்லை" என்றும் சொல்வது இரண்டுமே ஊகம்தான்.

புழுவைக் கொல்லும் பாக்டீரியா உண்டா?

உண்டு. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி. இதன் செல்லுக்குள் ஒரு புரதப் படிகம் இருக்கும். புழு இலையோடு தின்றால், அதன் குடலின் காரத்தன்மையில் படிகம் கரைந்து நஞ்சாகிக் குடல் சுவரைத் துளைக்கும். நம் வயிறு அமிலம் என்பதால் அந்த வேலை நமக்குள் நடப்பதில்லை.

முட்டைக்கோசு, காலிஃபிளவரில் வைரமுதுகு அந்துப்பூச்சிப் புழுவுக்கு, குருத்து கூடத் தொடங்கும்போது லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், புழு அங்கேதான் இருக்கும். சிறு புழுவாக இருக்கும்போதே தெளியுங்கள், பெருத்த புழு தாங்கிவிடும். இதுவும் வெயிலுக்கு ஆகாது, மாலையில்தான்.

இங்கே எல்லோரும் தவறுவது மறுநாள் காலையில். புழு உயிரோடு இலைமேல் இருப்பதைப் பார்த்துவிட்டு உடனே ரசாயன மருந்து அடித்துவிடுகிறார்கள். புழு சில மணி நேரத்திலேயே தின்பதை நிறுத்திவிடும், சாவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். புழு அசைகிறதா என்று பார்க்காதீர்கள், புதிதாக ஓட்டை விழுகிறதா, பச்சைக் கழிவு புதிதாகக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

வாராவாரம் இதையே தெளிப்பதும் தவறு. 1990-இல் ஹவாய்த் தீவில் வைரமுதுகு அந்துப்பூச்சி வயலிலேயே பி.டி.க்கு எதிர்ப்புச் சக்தி பெற்றது பதிவாகியிருக்கிறது. வேப்பங்கொட்டைக் கரைசலோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

பி.டி. பருத்தியும் இதுவும் ஒன்றா?

இல்லை. 2002-இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தியில் பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் வைத்திருக்கிறார்கள். இங்கே பாக்டீரியாவையே தெளிக்கிறோம், செடி மாறுவதில்லை. இயற்கை வேளாண் சான்றிதழில் மரபணு மாற்றுப் பயிருக்கு இடமில்லை. பி.டி. தெளிப்புக்கு இடமுண்டு, ஆனால் எந்தத் தயாரிப்பு என்பதைச் சான்று நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருக்கிறது. பி.டி. தெளிக்கலாமா?

கூடாது. பட்டுப்புழுவும் அந்துப்பூச்சிக் குடும்பம்தான். 1901-இல் ஜப்பானில் இஷிவாட்டா என்ற ஆய்வாளர் இந்த பாக்டீரியாவை முதலில் கண்டதே நோயுற்றுச் சாகும் பட்டுப்புழுக்களில்தான். கிருஷ்ணகிரி, தர்மபுரி போல முட்டைக்கோசும் மல்பெரியும் அடுத்தடுத்து இருக்கும் இடங்களில் காற்றில் சிதறும் துளியே போதும், ஒரு தட்டுப் புழுவும் போய்விடும். தெளித்த கையோடு புழு வளர்ப்பு மனைக்குள் போவதும் கூடாது. சூடோமோனாஸையும் மல்பெரி இலைமேல் தெளிக்காமல் மண்ணில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கும் மாட்டுக்கும் மீனுக்கும் ஆபத்து உண்டா?

பதிவு பெற்ற தயாரிப்பு, சொன்ன அளவு என்றால் கவலை இல்லை. மற்ற கிருமிக் கலப்பு இல்லை என்று சோதித்த பிறகே பதிவு கிடைக்கும். ஆனால் டால்க் தூள் மூச்சில் போவது நல்லதல்ல, கலக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் போல நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இந்த வேலையைப் பிறரிடம் விடுவது நல்லது.

மாடித் தோட்டத்துக்கு எவ்வளவு?

தொட்டி மண்கலவை தயாரிக்கும்போது பத்து கிலோ கலவைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கோடு இரண்டு மூன்று தேக்கரண்டி பவுடர். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை லிட்டருக்கு 5 கிராம் கலந்து வேரில் ஊற்றலாம். மொட்டை மாடியில் கறுப்புப் பையின் மண் மதியத்தில் கை வைக்க முடியாதபடி சுடும். நிழல்வலை கட்டாமல் பாக்டீரியா ஊற்றுவதில் பயனில்லை.

காலாவதியான பாக்கெட் இருக்கிறது. இரட்டிப்பாகப் போட்டால் ஈடாகுமா?

ஆகாது. எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருக்கும் என்று நினைத்துக் கேட்கிறீர்கள். அது நூறில், ஆயிரத்தில் ஒரு பங்காகவும் இறங்கியிருக்கலாம். அதைக் குப்பைக் குழியில் கொட்டிக் கிளறிவிட்டு, விதைக்குப் புதிது வாங்குங்கள். ஒரு ஏக்கர் நெல் விதைக்கு 240 கிராம்தானே வேண்டும்.